பொட்களுக்குக் கேச்சில் வாசிக்க மட்டும் அனுமதி

ஒருவழியாக என் தபால் முத்திரை இணையத்தளம் மூச்சுவிடுகிறது. பழைய இலங்கை முத்திரைகளை ஆண்டு, நிறம், பெறுமதி என்று வடிகட்டிப் பார்க்கும் வசதியைச் சேர்த்ததிலிருந்து தேடுபொறிகளுக்காகப் பக்கங்களைத் தானாகத் திறந்து வாசிக்கும் நிரல்களான (பொட்கள்) கூகிள்பொட்டும் பிங்பொட்டும் அந்தச் சேர்க்கைகள் ஒவ்வொன்றையும் தேடித்தேடித் திறக்கின்றன. மனிதர் யாரும் திரும்பிப் பார்க்காத பக்கங்களால் கேச், அதாவது ஆக்கிய பக்கங்களைத் திரும்பக் கொடுக்கச் சேமித்து வைக்கும் இடம், நிரம்பிவிடும். இடம் போதாவிட்டால், தளத்தை வழங்கும் சேர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் நெடுநேரம் தொடப்படாததைத்தான் முதலில் அழிக்கும். வாசகர்கள் அவ்வப்போது வந்து பார்க்கும் முத்திரைத் தொகுதிகள் அதில் அடிபட்டுப் போகும்.

பக்கம் கேட்பவர் தன்னை அறிமுகப்படுத்தும் பெயரான யூசர் ஏஜென்ட்டை என்ஜின்எக்ஸின் மேப்பில் பிடித்துப் பொட்டை அடையாளம் காண்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விஷயம் அடுத்து எழுதும் இரண்டு அமைப்பு வரிகளில் இருக்கிறது. ஃபாஸ்ட்சிஜிஐ கேச் பைபாஸ் என்றால் கேச்சிலிருந்து எடுக்காதே. ஃபாஸ்ட்சிஜிஐ நோ கேச் என்றால் வந்த பதிலைக் கேச்சில் வைக்காதே. லொகின் செய்தவர்களுக்கு இரண்டிலும் ஒரே மாறியைப் போடுவோம், அது சரி. பொட்டையும் அப்படிப் போட்டால் அதன் ஒவ்வொரு கோரிக்கையும் நேரே பக்கத்தை ஆக்கும் பி.எச்.பி.யின் தலையில் விழும். கேச் சுத்தமாக இருக்கும், சேர்வர் படுத்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டிலும் போடச் சொல்லும் குறிப்புகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதனால் பொட்டை நோ கேச்சில் மட்டும் வைத்தேன். இருப்பதை எடுத்துக்கொண்டு போகட்டும். இல்லாததை ஆக்கிக் கொடுப்போம், ஆனால் சேமிக்க மாட்டோம். பக்கம் பொட்டுக்கும் வாசகருக்கும் ஒன்றேதான், ஆகவே கூகிள் தடைசெய்யும் குளோக்கிங் (பொட்டுக்கு ஒன்று, மனிதருக்கு வேறொன்று காட்டுவது) சிக்கலும் இல்லை. இப்போது லொக்கில் வாசகர்களின் வரிகளில், கேச்சிலிருந்தே கொடுத்ததைக் காட்டும் ஹிட், ஹிட் என்று வருவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்!

ஒரு முள் மட்டும் இன்னும் குத்துகிறது. யூஸ் ஸ்டேல் அப்டேட்டிங்கும் பேக்ரவுண்ட் அப்டேட்டும் போட்டிருக்கிறேன். காலாவதியான பக்கத்தைப் பொட் கேட்டால் பழையதைக் கொடுத்துவிட்டு, பின்னணியில் புதியதைக் கொண்டுவரும். ஆனால் அந்தப் பின்னணிக் கோரிக்கையும் பொட்டின் யூசர் ஏஜென்ட்டோடுதான் போகிறது. நோ கேச் அங்கேயும் பாய்ந்து, வந்த புதுப் பக்கம் வீணாகிறது. அடுத்த பொட்டுக்கும் பழைய பக்கம்தான். முக்கியமான தொகுதிகளைச் சாதாரண யூசர் ஏஜென்ட்டோடு கேர்ல் கட்டளை மூலம் தட்டிப் புதுப்பிக்க, குறித்த நேரங்களில் தானாக ஓடும் ஒரு கிரோன் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதியில் நிற்கிறது.

அதற்குள் மனம் போலி கூகிள்பொட்களின் பக்கம் போய்விட்டது. பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம். கூகிளே தன் ஐபி வரம்புகளை ஜேசன் கோப்பாக வெளியிடுகிறது; அதை, ஐபி முகவரியை வைத்துப் பிரித்தறியும் என்ஜின்எக்ஸின் ஜியோ பிளாக்காக மாற்றிவிட்டால் போதும். கோரிக்கைகளுக்கு இடையே இடைவெளி விடச் சொல்லும் கிரோல் டிலேயைப் பிங் மதிக்கும், கூகிள் கண்டுகொள்ளாது. அந்த வரியையும் பிங்கிற்காக, பொட்களுக்கான விதிகளை எழுதும் ரோபோட்ஸ் கோப்பில் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் ஓடும் தளத்திலேயே சோதிக்க மனமில்லை. சனிக்கிழமை கணினிக் கடைகள் உள்ள பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போய், வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு பழைய மினி பிசி அகப்படுகிறதா என்று பார்க்கப் போகிறேன்.