அப்பாவோட பிஸ்கட் டின்னுல இருந்த 11 தோட்டா

போன தீபாவளிக்கு வீடு கழுவுறப்ப அம்மா ஸ்டோர் ரூம் மேல் தட்டுல கெடந்த பழைய பிஸ்கட் டின் ஒண்ண எறக்கி, முறுக்கு போட்டு வைக்க ஆகும்னு தொறந்திருக்காங்க, உள்ள மடிச்சு வச்ச சாக்குத் துணி, அதுக்கு அடியில தோட்டா. உடனே மூடிட்டு எனக்கு போன் பண்ணாங்க. பேச்சே வரல. "நீ வா, வந்து பாரு", அவ்ளோதான் சொன்னாங்க. நான் மலேசியாவுல, பினாங்குத் தீவு பாயான் லெப்பாஸ்ல வேலையில இருந்தேன், சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு ரெண்டாவது பாலம் ஏறி நிபோங் திபால் போய்ச் சேர்ற வரைக்கும் கை ஸ்டியரிங்ல நிக்கல.

அப்பா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. ஊருக்கு வெளிய எங்களுக்கு அஞ்சு ஏக்கர் செம்பனை இருக்கு, ரீபிளாண்ட் பண்ண புதுசுல காட்டுப்பன்னி தொல்ல தாங்காது, ஒரு ராத்திரி கூட்டமா எறங்குச்சுன்னா இருபது முப்பது கன்னு போயிடும், குருத்த மட்டும் தின்னுட்டு மிச்சத்த அப்படியே சாச்சுப் போட்டுட்டுப் போகும். அதுக்காகத்தான் அப்பா லைசென் எடுத்து ஒரு 12 போர் செனாப்பாங் பாத்தா வச்சிருந்தாரு, நடுவுல மடிச்சுத் தோட்டா போடுற பழைய மாடல் வேட்டைத் துப்பாக்கி. சின்ன வயசுல நாங்க யாரும் அதத் தொட்டதில்ல, தொடவும் விடமாட்டாரு. துப்பாக்கி ஒரு பூட்டுக்குள்ள, தோட்டா இன்னொரு பூட்டுக்குள்ள, ரெண்டு சாவியும் அவரு இடுப்புல.

அவரு போன பிறகு காரியம் முடிஞ்ச கையோட தம்பி லைசென் புக்கையும் துப்பாக்கியையும் பாலாய்ல, அதாவது போலீஸ் ஸ்டேஷன்ல, ஒப்படைச்சிட்டான். தோட்டா இருக்கான்னு கேட்டாங்க, அலமாரியில இருந்த பெட்டியக் கொடுத்தான், 9 இருந்துச்சு, எழுதி வாங்கிக்கிட்டாங்க. அதோட முடிஞ்சுதுன்னு நாங்க எல்லாரும் நெனச்சோம். ரெண்டு வருஷமா அந்த டின்னுக்குக் கீழதான் அம்மா அரிசி அளந்தாங்க, என் தம்பி புள்ளைங்க ஒளிஞ்சு வெளையாடுனது அந்த ரூம்லதான்.

டின்னத் தொறந்து நான் பாத்தேன், கை வைக்கல, பாத்தேன். அடிப்பக்கம் பித்தளை பச்சை பூத்துப் போயிருந்துச்சு. ஏழு தோட்டா பிளாஸ்டிக்கு, சிவப்பு வெளுத்து ரோஸ் ஆகிப்போச்சு, மீதி நாலும் ரொம்பப் பழசு, உடம்பு அட்டையில செஞ்சது, நம்ம ஊரு ஈரத்துல ஊறி வயிறு உப்பின மாதிரி இருந்துச்சு, வாய்ப்பக்கம் வட்ட அட்டையில எஸ்ஜின்னு எழுத்து பாதி அழிஞ்சு கெடந்துச்சு. எஸ்ஜின்னா பெரிய குண்டு, பன்னிக்குப் போடுறது, ஒரு தோட்டாவுக்குள்ள எட்டு ஒம்பது ஈய உருண்டை இருக்கும். அத்தனையும் சேத்து எண்ணுனா 11. அரைக்கிலோ தான் இருக்கும், ஒரு சீனி பாக்கெட்ல பாதி.

தம்பி வந்தவுடனே "கார்ல போட்டு பாலாய்க்கு எடுத்துட்டுப் போயிடலாம்"னான். நான் விடல. லைசென் அப்பா பேருல இருந்துச்சு, அவரோட போச்சு, இப்ப அந்த டின் யாரு மடியில இருக்கோ அவன் லைசென் இல்லாம தோட்டா வச்சிருக்கவன், வழியில ரோட் பிளாக் இருந்தா என்ன சொல்லுவான்? 1960-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் 8-வது பிரிவுல ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம், துப்பாக்கியே இல்லாட்டியும் தோட்டா மட்டும் போதும். அதனால பாலாய்க்கு போன் பண்ணோம். டின்ன இருந்த எடத்துலயே வச்சு ரூமப் பூட்டி, சாவிய நான் கையில வச்சிக்கிட்டேன். ரெண்டு பேரு வந்தாங்க, நல்ல மாதிரியாத்தான் பேசுனாங்க, சாப்பாட்டு மேசையில பேப்பர் விரிச்சு ஒண்ணொண்ணா வச்சு எண்ணி எழுதி அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க. அதுல வயசான சார்ஜன் ஒருத்தரு, பதினொண்ணு இருந்தாலும் ஒண்ணு இருந்தாலும் இதே வேலைதான், ஆனா கூப்பிட்டது நல்லதுன்னாரு. அம்மா அப்பதான் தண்ணி குடிச்சாங்க.

அம்மா அவ்ளோ பயந்ததுக்குக் காரணம் இருக்கு, நம்ம நாட்டுல தோட்டான்னா நம்ம ஆளுங்களுக்குப் பழைய பயம். எங்க தாத்தா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவரு, கம்யூனிஸ்ட்காரங்கள அடக்க வெள்ளக்காரன் போட்ட அவசரகாலம் 1948-ல ஆரம்பிச்சு 1960 வரைக்கும் ஓடுச்சு, அந்தக் காலத்துக் கதையெல்லாம் அம்மாவுக்கு அவரு சொல்லிச் சொல்லிதான் தெரியும். மலாயா கணபதி, தொழிற்சங்கத் தலைவர், நம்ம ஆளு, அவர 1949 மே 4-ம் தேதி கோலாலம்பூர் பூடு ஜெயில்ல தூக்குல போட்டாங்க. கேஸ் என்னான்னா ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வச்சிருந்தாருங்கிறது. ஆறுதான். அதுக்கப்புறம் வந்த ஐஎஸ்ஏ, அதாவது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்துலயும் 57-வது பிரிவு இருந்துச்சு, பாதுகாப்புப் பகுதியில அனுமதி இல்லாம துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருந்தா மரண தண்டனைதான், நீதிபதி கொறைக்கவே முடியாது. அந்தச் சட்டத்த 2012-லதான் எடுத்தாங்க. அதனால எங்கம்மா வயசுக்காரங்களுக்கு "எத்தனை"ங்கிற கேள்வியே கெடையாது, இருந்தாலே உசுரு போற விஷயம்.

இதெல்லாம் நடந்து ஒரு வாரம் கழிச்சு ஹூஸ்டன்ல இருக்க அத்தான்கிட்ட சொன்னேன். அத்தை மகன், அங்க போய் இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு, வாரக் கடைசியில ரேஞ்சுக்குப் போய்ச் சுடுறது அவருக்குப் பழக்கம். "பதினொண்ணா? என் கராஜுல மூவாயிரம் இருக்கும்மா"ன்னாரு, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. போட்டோ அனுப்புனாரு, பச்சை இரும்புப் பெட்டி வரிசையா ரேக்குல அடுக்கி, ஒவ்வொண்ணு மேலயும் மஸ்கிங் டேப்ல பேரு எழுதி வச்சிருக்காரு.

அவரு வெளக்குனத நான் பொறுமையாத்தான் கேட்டேன், நியாயமாவும் இருந்துச்சு. டெக்சாஸ்ல வீட்டுல இத்தனைதான் வச்சிக்கணும்னு சட்டம் கெடையாது. ஒரு தடவ ரேஞ்சுக்குப் போனா ஒரு மணி நேரத்துல நூறு எரநூறு சுட்டு முடிஞ்சிடும், கைத்துப்பாக்கிக்குப் போடுற 9 எம்எம் தோட்டா பெட்டிக்கு அம்பது அம்பதா வரும், சின்ன சைஸ் பாயிண்ட் 22 ஐநூறு சேத்து ஒரே கட்டா வரும் அத செங்கல்னே கூப்பிடுவாங்களாம், ஆயிரமா வாங்குனா வெல கொறையும். 9 எம்எம் ஆயிரம்னா ஒரு பத்து கிலோ அரிசி மூட்டையவிடக் கொஞ்சம் கூடக் கனக்கும், அவ்ளோதான், பெரிய எடம் கூட அடைக்காது. இன்னொரு காரணம் தட்டுப்பாடு. 2012 கடைசியில சாண்டி ஹூக் ஸ்கூல்ல பிள்ளைங்கள சுட்டுக் கொன்ன பிறகு புதுச் சட்டம் வந்துடும்னு பயந்து ஆளாளுக்கு வாங்கிக் குவிச்சாங்க, பாயிண்ட் 22 ரொம்ப நாளைக்குக் கடையில கண்ணுல படல, ஒரு ஆளுக்கு ஒரு பெட்டிதான்னு கடைக்காரங்களே கணக்கு வச்சாங்க. 2020-ல கோவிட் வந்தப்ப திரும்ப அதே கதை. ரெண்டு தடவ வெறும் ரேக்க பாத்தவன் மூணாவது தடவைக்கு வாங்கி வைக்கத்தான் செய்வான். கோவிட்டுக்கு எம்சிஓ (நடமாட்டத் தடை) போட்டப்ப நம்மளும் அரிசியும் மைலோவும் வாங்கி அடுக்கலையா, அந்த மனசு எனக்குப் புரியுது.

தீப்பிடிச்சா என்ன ஆகும்னு கேட்டேன், அதுதான் எனக்குப் பெரிய பயம். துப்பாக்கிக் குழாய்க்குள்ள இல்லாத தோட்டா சூட்டுல வெடிச்சா குண்டு தூரமாப் பறக்காதாம், நெருக்கிப் புடிக்கக் குழாய் இல்லாததால பித்தளைக் கூடுதான் கிழிஞ்சு துண்டு துண்டாத் தெறிக்கும், தீயணைப்பு ஆளுங்க போடுற உடுப்பு அதத் தாங்கும்னு அங்க உள்ள தோட்டாக் கம்பெனிங்க சங்கமே சோதன பண்ணிக் காட்டியிருக்கு. குண்டு போட்டு வச்ச துப்பாக்கி தீயில மாட்டுனாத்தான் ஆபத்து, அது நெசமாவே சுட்டுடும். சொந்தமாத் தோட்டா அடைக்கிறவங்க வச்சிருக்க வெடிமருந்துக்குத்தான் அங்க கடுமையா அளவு, தீ பாதுகாப்பு விதியில வீட்டுல 20 பவுண்டு, அதாவது 9 கிலோ, அதுக்கு மேலன்னா தடியான மரப்பெட்டி வேணும். நான் நெனச்சுக்கிட்டு இருந்தது தலைகீழ், தோட்டா குவியல்தான் வெடிகுண்டு மாதிரி வெடிக்கும்னு நெனச்சேன்.

ஈரம்தான் மெதுவாக் கெடுக்கும். அத்தான் பெட்டியில ரப்பர் வாசர், உள்ள சிலிக்கா பாக்கெட். எங்கப்பா டின்னுல சாக்குத் துணி, அதுவும் கடல் காத்து அடிக்கிற ஊருல.

அப்புறம் நானா தேடிப் படிச்சேன், ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு மாதிரி. இங்கிலாந்துல ரைபிள் வச்சிருக்கவங்க சர்டிபிகேட்லயே ஒரு நேரத்துல இத்தனை வச்சிக்கலாம், இத்தனை வாங்கலாம்னு ரெண்டு நம்பர் போட்டிருக்கும். சுவிட்சர்லாந்துல ராணுவத்துக்குப் போய்ட்டு வர்ற ஆளுங்க வீட்டுக்கே 50 தோட்டா கொடுத்து விட்டிருந்தாங்க, சீல் வச்ச டின்னுல, சீல் ஒடைஞ்சிருக்கான்னு அப்பப்பச் செக் பண்ணுவாங்க, 2007-ல அதையும் வேணாம்னு முடிவு பண்ணித் திரும்ப வாங்க ஆரம்பிச்சிட்டாங்க. அதப் படிச்சப்ப எனக்கு எங்க வீட்டு டின்தான் ஞாபகம் வந்துச்சு. அங்க டின்னுக்குக் கணக்குக் கேக்க ஒரு ஆளு இருந்தான். எங்க டின்னப் பத்தித் தெரிஞ்ச ஒரே ஆளு செத்துப் போயிட்டாரு.

அதனால நான் அத்தான்கிட்ட சட்டம் பேசல, அவரு நாடு அவரு சட்டம். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். நாளைக்கு ஒங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த கராஜுல எத்தனை இருக்கு, எங்க எங்க இருக்குன்னு ஒங்க சம்சாரம், அக்காவுக்குத் தெரியுமா? கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. தெரியாதுன்னாரு. வீட்டுல பதினாறு வயசுப் பையன் இருக்கான், அவனுக்குப் பூட்டு நம்பர் தெரியுமான்னு கேட்டேன், தெரியாதுன்னு தான் நெனைக்கிறேன்னாரு, அந்த "நெனைக்கிறேன்" எனக்குப் புடிக்கல, நேராவே சொல்லிட்டேன். மூவாயிரமோ முப்பதோ, வீட்டுல எவ்ளோ இருக்குன்னு வச்சிருக்கவனுக்கு மட்டும் தெரிஞ்சாப் பத்தாது, கூட இருக்கவங்கதானே பின்னால அத எடுத்துக் கையாளணும், அவங்க கையிலதானே அது வெடிக்கும் இல்ல போலீஸ்ல நிக்கும். நாலு நாள் கழிச்சு மெசேஜ் வந்துச்சு. ஒக்காந்து எண்ணியிருக்காரு, 4,370. மூவாயிரம்னு நெனச்சுக்கிட்டு இருந்த மனுஷன். எழுதி அக்காகிட்டக் கொடுத்துட்டேன், நம்பரும் மாத்திட்டேன்னாரு. எனக்கு ரொம்ப நிம்மதியா இருந்துச்சு, நெசமாவே.

எங்க வீட்டுல நிம்மதி இன்னும் வரல. அப்பா எல்லாத்துக்கும் 555 புக்கு, அந்தச் சின்னக் கணக்கு நோட்டு, வைக்கிறவரு, உரம் எத்தனை மூட்டை, செம்பனைக் குலை வெட்டுன ஆளுக்கு எத்தனை வெள்ளின்னு. போன மாசம் அவரு பழைய புக்குங்களப் புரட்டுனப்ப ஒண்ணுல தோட்டாக் கணக்கு இருந்துச்சு. தேதி போட்டு, "பன்னி 1, எஸ்ஜி 2", "குரங்கு, வெடி மட்டும், 1"னு அவரு சாஞ்ச கையெழுத்துல பக்கம் பக்கமா. கடைசிப் பக்கத்துல, அவருக்கு ஒடம்பு முடியாமப் போறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி எழுதுனது, "அலமாரி 9, டின் 14".

அலமாரி 9 சரியா இருக்கு. டின்னுல நாங்க எண்ணுனது 11, போலீஸ் பேப்பர்லயும் 11.

மூணு கொறையுது. சுட்டுட்டு எழுத மறந்திருக்கலாம், ஆனா எங்கப்பா அப்படி மறக்குற ஆளு இல்ல. பாலாய்ல போய் இதையும் சொல்லிட்டோம், எழுதிக்கிட்டாங்க. அம்மா வீட்டுல இருக்க எல்லா டின்னையும் கவுத்துப் பாத்துட்டாங்க, தையல் மெஷின் டிராயர், சாமி ரூம் மாடம், அப்பாவோட பழைய சட்டைப் பைங்க வரைக்கும். மிச்சம் இருக்கது எங்க செம்பனைக் காட்டுல அவரு ராத்திரி காவல் இருக்கப்ப படுக்குற கொட்டாய்தான், ரெண்டு வருஷமா யாரும் தொறக்கல, கதவு நெலையில கரையான். பக்கத்துக் காட்டுல வேலை செய்யுற ஆளோட பிள்ளைங்க அந்தப் பக்கம்தான் சைக்கிள் ஓட்டுறாங்கன்னு தம்பி சொன்னான். இந்த சனிக்கெழம லீவு போட்டிருக்கோம் ரெண்டு பேரும், பலகைய ஒண்ணொண்ணாப் பிரிச்சுப் பாக்கப் போறோம், எங்க கண்ணுல பட்டா கை வைக்காம அங்கயே நின்னு போன் பண்ணணும்னு தம்பிகிட்ட இப்பவே சொல்லி வச்சிருக்கேன்.