பெரியப்பாவின் பென் டிரைவ்

12 ஜூலை 2024, வெள்ளி

ராத்திரி ஒன்பது மணிக்குப் பெரியப்பா போன். "டேய், கோயில் கணக்கெல்லாம் போச்சுடா." குலதெய்வக் கோயில் ஆடிப் படையலுக்கு நன்கொடைப் பட்டியல் அவர் பொறுப்பு. நோட்டீஸ் அடிக்க மத்தியானம் பென் டிரைவை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் செருகியபோது எல்லாம் ஒழுங்காகத்தான் திறந்ததாம். ஒரு காப்பி இருக்கட்டும் என்று ஃபோல்டர்களை டெஸ்க்டாப்புக்கு இழுத்துப் போட்டுவிட்டு, பென் டிரைவைக் கழற்றியிருக்கிறார். அப்புறம் ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொன்றும் 1 கேபி என்று காட்டுகிறதாம். "எட்டு வருஷக் கணக்கு 1 கேபிக்குள்ள எப்படிடா அடங்கும்?" நியாயமான கேள்விதான்.

நெட் வயரைப் பிடுங்குங்கள், எதையும் தொடாதீர்கள், யார் சொன்னாலும் ஃபார்மட் மட்டும் பண்ணாதீர்கள் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் அதைத்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

13 ஜூலை, சனி

போய்ப் பார்த்தேன். ‘நன்கொடை 2023’ ஃபோல்டர் படத்தின் இடது மூலையில் பொடியாக ஒரு அம்புக்குறி. ஷார்ட்கட் வைரஸ். அம்புக்குறி இருந்தால் அது ஃபோல்டரே இல்லை, ஃபோல்டருக்கு வழி காட்டும் ஷார்ட்கட். டெஸ்க்டாப்புக்கு இழுத்துப் போட்டதும் இவற்றைத்தான், அதனால்தான் பென் டிரைவைக் கழற்றியதும் எதுவும் திறக்கவில்லை. ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸில் டார்கெட்டைப் பார்த்தால், ஃபோல்டரைத் திறப்பதற்கு முன்னால் ஒரு விபிஎஸ் ஸ்கிரிப்டை (விண்டோஸில் ஓடும் சின்ன புரோகிராம்) ஓட்டச் சொல்லி ஒரு நீள வரி. கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், புழுவும் (தன்னைத் தானே நகலெடுத்துப் பரவும் வைரஸ்) உள்ளே போகும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பென் டிரைவைச் செருகியதும் தானாகவே ஓடும் ஆட்டோரன் வசதியை 2011-இல் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் நிறுத்திவிட்டது. தானாக ஓட முடியாததால் நம் கையாலேயே கிளிக் செய்ய வைக்கிறார்கள்.

இங்கே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். முதலில் பென் டிரைவைச் சுத்தம் செய்தேன். கமாண்ட் விண்டோவில் அட்ரிப் என்று அடித்து, மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ் போட்டு என்டர் தட்டியதும் உண்மையான ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எதுவும் அழியவில்லை, மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். வெறுமனே மறைத்திருந்தால் வியூ மெனுவில் ஒரு டிக் போட்டாலே தெரிந்திருக்கும். சிஸ்டம் ஃபைல் என்ற முத்திரையும் குத்தியிருந்ததால் அதற்கும் சிக்கவில்லை. பெரியம்மா காபியோடு வந்தார். தம்ளரை வாங்கிவிட்டுத் திரும்பினால் அம்புக்குறிகள் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தன! கம்ப்யூட்டரில் புழு ஓடிக்கொண்டிருக்கும்போது பென் டிரைவைத் துடைப்பது, ஓட்டுப் பொத்தலை அடைக்காமல் தரையைத் துடைப்பது மாதிரி.

14 ஜூலை, ஞாயிறு

சரி, முறையாக ஆரம்பித்தேன். டாஸ்க் மேனேஜரில், விபிஎஸ் ஃபைல்களை ஓட்டும் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் ஒரு விபிஎஸ், டெம்ப் ஃபோல்டரில் அதன் நகல், விண்டோஸின் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியின் ரன் கீயில் ஒரு வரி. மூன்றையும் எடுத்தேன். மிச்சம் விட்டால் அடுத்த தடவை கம்ப்யூட்டரைப் போடும்போது எழுந்து வரக்கூடும்.

ஆனால் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தது? செட்டிங்ஸில் எக்ஸ்குளூஷன்ஸ் பக்கத்தைத் திறந்தபோது விடை கிடைத்தது. சி டிரைவ் முழுவதுமே விலக்குப் பட்டியலில்! போன வருஷம் விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர், லைசென்ஸ் வாங்காமல் ஏதோ ஆக்டிவேட்டரால் வேலையை முடித்திருக்கிறார். அது பிடிபடாமல் இருக்கத்தான் இந்த விலக்கு. வாசலில் காவல்காரனை நிறுத்தி, வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பாதே என்று சொன்ன கதை. விலக்கை நீக்கிய மறு நிமிடமே டிஃபெண்டர் அலற ஆரம்பித்தது. நெட்டைக் கொஞ்ச நேரம் கொடுத்து அப்டேட் செய்துவிட்டு ஆஃப்லைன் ஸ்கேன் போட்டேன். விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடுவதால் புழு ஒளிய இடமில்லை. கால் மணி நேரம்தான். இரண்டு பெயர்கள் வந்தன: ஆக்டிவேட்டருக்கு ஆட்டோகேஎம்எஸ், புழுவுக்கு ஜென்க்ஸ்கஸ்.

ஜென்க்ஸ்கஸ்! மைக்ரோசாஃப்ட் 2014-இலேயே அமெரிக்காவில் நெவாடா நீதிமன்றம் வரை போய் எதிர்த்த புழு. பத்து வருஷம் கழித்து ஒரு ஜெராக்ஸ் கடையில் சௌக்கியமாக இருக்கிறது.

பென் டிரைவில் மறுபடி அட்ரிப். இந்த முறை இரண்டு தம்ளர் காபி ஆனது. அம்புக்குறி வரவில்லை.

15 ஜூலை, திங்கள்

இந்தப் புழு ஃபோல்டரை மறைப்பதோடு நிற்காது. வெளியிலிருந்து கட்டளை வாங்கி எதையும் செய்யக்கூடியது. அதனால் மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை என் போனிலிருந்து மாற்றினோம். "பழைய பாஸ்வேர்டு என்ன பெரியப்பா?" கீபோர்டைத் தூக்கிக் காட்டினார். கீழே பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதி செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. புழுவுக்குக் கீபோர்டைத் தூக்கத் தெரியாது.

அவருக்குச் சாதாரண அக்கவுண்ட், அட்மின் தனி. ரெஜிஸ்ட்ரியில் ஸ்கிரிப்ட் ஹோஸ்டையே முடக்கினேன், அவருக்கு அது எதற்கும் தேவையில்லை. ஒரிஜினல் லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். இருப்பது விண்டோஸ் 10, அதற்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிகிறது. லைசென்ஸோடு 11 போடலாமா என்று யோசனை.

20 ஜூலை, சனி

நேற்று டிவியில், உலகமெங்கும் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையோடு நின்றுபோன செய்தி பார்த்ததும் பெரியப்பா போன். "ஏர்போர்ட்ல போர்டிங் பாஸைக் கையால எழுதுறான்டா. நம்ம வைரஸ்தானா?" சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னேன்: அது வைரஸே இல்லை, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய கோளாறான அப்டேட். பெரிய அலுவலகங்கள் வாங்கும் சாஃப்ட்வேர், நம் வீட்டில் கிடையாது. "அப்ப காவல்காரனே கழுத்தை நெரிச்சுட்டானா?" கேட்டுவிட்டு அவரே சொன்னார், "எதுக்கும் இன்னொரு காப்பி எடுத்து வெச்சுடலாம்." நானே சொல்லலாம் என்றிருந்தேன். எட்டு வருஷக் கணக்குக்கு அந்தப் பென் டிரைவைத் தவிர வேறு நகலே இல்லை. இப்போது எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று (வேலை முடிந்ததும் கழற்றி பீரோவுக்குள்), கூகுள் டிரைவில் ஒன்று.

22 ஜூலை, திங்கள்

நோட்டீஸ் இன்னும் அடிக்கவில்லையே! அந்தக் கடையை விட்டால் அடுத்தது பஸ் ஏறிப் போக வேண்டும். பழைய கேமராவின் எஸ்டி கார்டு ஞாபகம் வந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் உண்டு, கீழே தள்ளினால் படிக்கலாம், எழுத முடியாது. நம் ஊரில் விற்கும் பென் டிரைவ்களில் இதைப் பார்ப்பது அபூர்வம். பிடிஎஃப்பை அதில் போட்டு, தாழ்ப்பாளைத் தள்ளி, கார்டு ரீடரோடு அனுப்பினேன்.

கடைக்காரர் கூப்பிட்டாராம்: "ஐயா, இதுல எதுவும் சேவ் ஆகலையே, லாக்குன்னு வருது." "தெரியும் தம்பி, நீங்க பிரிண்ட் மட்டும் போடுங்க." கடைக் கம்ப்யூட்டரையும் பார்த்துக் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை நான் வருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். என்னைக் கேட்கவில்லை.

சாயங்காலம் நோட்டீஸ் ஒன்று என் கைக்கும் வந்தது. நன்கொடைப் பட்டியலில் என் பெயருக்கு நேரே ரூ.1,001. நான் இன்னும் கொடுக்கவில்லை.