ஃப்ரீ ஃப்ளோ சைலன்சருடன் பதினான்கு மாதங்கள்

என் பழைய பெட்ரோல் காரின் சைலன்சரைக் கழற்றிவிட்டு, சென்னை புதுப்பேட்டையில் ஒரு சந்துக் கடையில், புகையை அதிகத் தடையில்லாமல் வெளியேற்றும் ஃப்ரீ ஃப்ளோ பைப்பை வெல்டிங் செய்து பொருத்திய அன்று, நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டரை அழுத்திக் கேட்ட உறுமல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்த மயக்கம் ஓஎம்ஆர் சாலையில் தெளிந்தது. சென்னை நெரிசலில் இன்ஜின் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1500 முதல் 2500 சுற்றுகளுக்குள்தான் ஓடுகிறது. என் காரிலோ 2000-ஐத் தாண்டியதும் குழாயின் அதிர்வு காரின் உடற்கூட்டையும் சேர்த்து அதிரவைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்ட பிறகும் ஒரே சுருதியில் காதுக்குள் ரீங்கரித்தது. டைடல் பார்க்கிலிருந்து சிறுசேரி போவதற்குள் தலைவலி வந்துவிடும். பின்னிருக்கையில் இருந்த அம்மா, "இதிலே வர்றதுக்கு நான் பஸ்ஸிலேயே வந்துடறேன்ப்பா" என்றார்.

பிக்கப் கூடும் என்றுதான் கடைக்காரர் சொன்னார். அதிவேகச் சுற்றில் அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் குறைந்த சுற்றில் அகலமான குழாய்க்குள் வாயுவின் வேகம் தளர்ந்து, சிலிண்டரில் எஞ்சிய புகையை அது இழுத்துச் செல்வதும் குறைவதால், இழுவைத் திறன் மட்டுப்படுகிறது. முன்பெல்லாம் மூன்றாவது கியரிலேயே கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறிய கார், இப்போது இரண்டாவதைக் கேட்டது.

இதைவிடப் பெரிய தவறு, அடைப்பாக இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் வெட்டி எடுக்கச் சம்மதித்தது. கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கேடு குறைந்த வாயுக்களாக மாற்றும் பாகம் அது. அதன் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் இரண்டே நாளில் குற்றத்தைக் கண்டுபிடித்து, செக் இன்ஜின் விளக்கை எரியவிட்டது. வெட்டியெடுத்த துண்டை நான் கேட்டு வாங்கவும் இல்லை. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் அதற்குள் இருப்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2)-ஆம் பிரிவின்படி, ஒலி, புகை வரம்புகளை மீறும் வண்டியை ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். நான் பிடிபடவில்லை, அது அதிர்ஷ்டம் மட்டுமே.

மழைக்காலம் முடிவதற்குள் வெல்டிங் இணைப்பு துருவேறிப் பிளந்தது. மொட்டை மாடியில் கிடந்த பழைய சைலன்சரையே மீண்டும் மாட்டினேன். கன்வெர்ட்டரைப் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. அதன் விலை, ஃப்ரீ ஃப்ளோவுக்குக் கொடுத்ததைப்போல் ஐந்து மடங்கு.