அது பற்றை இல்லை, காடு

போன மாதம் ஒரு பின்னேரம், மாட்டுப் பட்டியைப் பார்க்கப் போன பெரியப்பா வழக்கத்தை விட நேரத்தோடு திரும்பி வந்தார். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, தேத்தண்ணி கூடக் கேட்காமல், "பெரிய பாலை மரத்தில சிவப்புப் பெயின்ட் அடிச்சிருக்கு, பார்த்தனியா?" என்றார். நான் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், காட்டுப் பக்கம் போயே ஆறேழு மாதம் இருக்கும். திருகோணமலை டவுனில் வேலை, ஊருக்கு இரவில் வந்து படுப்பதோடு சரி.

அடுத்த நாள் போனோம். மரத்தில் 41 என்று இலக்கம். இருபது அடி தள்ளி ஒரு கொங்கிரீட் கல், அதற்குப் பக்கத்தில் நாடா பிடித்துக்கொண்டு இரண்டு பெடியள். அதில் ஒருவன் மரியாதையாகத்தான் சொன்னான்: "ஐயா, இதில சோலார் வரப்போகுது. உங்கட ஊருக்கு நல்லம்தானே?" பெரியப்பா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, மழைக்காலத்தில மாட்ட எங்க விடுறது?" என்று கேட்டார். அவனுக்குப் பதில் தெரியவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது, அளக்கச் சொன்னார்கள், அளக்கிறான்.

ஐம்பது ஏக்கராம். 10 மெகாவாட். தரையில் வைக்கும் சோலாருக்கு 1 மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் போகும் என்பதால் கணக்குச் சரியாகத்தான் வருகிறது.

நான் சோலாருக்கு எதிரி இல்லை. சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் கட்ட 2011இல் ஒப்பந்தம் போட்டு, 2016இல் அது கைவிடப்பட்டபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். அதே சம்பூரில் இப்போது சோலார் என்றதும் நிலக்கரியை விட ஆயிரம் மடங்கு மேல் என்றுதான் நினைத்தேன். (அந்தக் காணியை விட்டு 2006இல் இடம்பெயர்ந்தவர்களின் கதை வேறு, அதை இன்னொரு நாள் எழுத வேண்டும்.) ஆனால் நிற்கிற காட்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கண்ணாடியைப் பரப்புவதை என்னால் பச்சை மின்சாரம் என்று கூப்பிட முடியவில்லை.

ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "அது காடு இல்லை, வெறும் பற்றை" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது, வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் படித்த பிறகு இன்னும் கூடியது. 1993ஆம் ஆண்டு வர்த்தமானிப்படி 1 ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றுவதென்றால் சுற்றாடல் மதிப்பீடு கட்டாயம். முழு அறிக்கை என்றால் அதை 30 நாள் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். வெறும் காணி துப்புரவாக்குவதென்றால் அந்த எல்லை 50 ஹெக்டேயர். புதுப்பிக்கத்தக்க சக்தி மின் நிலையம் என்றால் 50 மெகாவாட்டுக்கு மேல். எங்கள் ஐம்பது ஏக்கர் ஏறக்குறைய 20 ஹெக்டேயர். காடு என்று எழுதினால் அகப்படும், பற்றை என்று எழுதினால் நழுவிப் போகும். யாரோ வேண்டுமென்றே அப்படி எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு விலை என்று பாருங்கள்.

அது பற்றை மாதிரித் தெரிவதற்கும் காரணம் இருக்கிறது. யுத்தக் காலத்தில் ரோட்டோரம் முழுக்க வெட்டி வெளியாக்கினார்கள், அந்தப் பக்கம் இப்போதுதான் தலைக்கு மேல் வளர்ந்திருக்கிறது. ஜீப்பில் இருந்து பார்ப்பவருக்கு அவ்வளவுதான் தெரியும். உள்ளே கால் மணி நேரம் நடந்தால் பாலை, வீரை, முதிரை, இடையிடையே கருங்காலி. பாலைப்பழக் காலத்தில் சின்ன வயதில் சட்டையை மடித்துப் பொறுக்குவோம், தின்று முடிய பாலில் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அதோடு வீட்டுக்கு வந்தால் எங்கே போனோம் என்று அம்மம்மா கேட்கவே தேவையில்லை.

பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். பெரும்போகத்துக்கு வயல் விதைத்துவிட்டால் அறுவடை வரைக்கும் மாடு வயல் பக்கம் போக முடியாது, பட்டி முழுக்கக் காட்டுக்குத்தான் போகும். அதே மாதங்களில்தான் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டும். காட்டின் சருகும் வேரும் அந்தத் தண்ணீரைப் பிடித்து மெதுவாகக் குளத்துக்கு விடுகிறது. நிலத்தை மொட்டையடித்தால் வருவது மண்ணும் தண்ணீரும் சேர்ந்துதான். குளம் தூர்ந்தால் அந்தத் தண்ணீரை நம்பிய சிறுபோகம் இல்லை. பிறகு யானை. ஐம்பது ஏக்கரைச் சுற்றி வேலி அடித்தால் யானை வீட்டிலா இருக்கப்போகிறது? வேலியைச் சுற்றி எங்கள் வயலுக்குள் இறங்கும். 2023இல் மட்டும் இலங்கையில் 400க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன, ஆட்களும் நூற்றுக்கு மேல்.

வெட்டும் மரத்துக்குப் பதிலாகக் கன்று நடுவார்களாம். வறண்ட கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில் இங்கே வந்து ஒரு கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தவர் அப்படிப் பேசமாட்டார்.

இதில் இன்னொரு கூத்து. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்கு மின் பாவனை குறைந்ததால், கூரையில் சோலார் வைத்திருப்பவர்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது, 13ஆம் திகதியில் இருந்து 21 வரைக்கும். பகல் மின்சாரத்தைச் சேமிக்க பெரிய பற்றரி இல்லாமல் காட்டை வெட்டி இன்னும் பகல் மின்சாரம் எடுத்து என்ன செய்வது? டவுனில் பள்ளிக்கூடம், களஞ்சியம், கச்சேரி என்று எத்தனை கூரை வெயிலில் சும்மா காய்கிறது.

சரி, நாங்கள் என்ன செய்கிறோம்? தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. அந்தக் காணி ஆவணத்தில் என்னவென்று பதியப்பட்டிருக்கிறது, யார் பார்த்துப் பதிந்தது என்ற இரண்டு கேள்விதான். 14 வேலை நாளுக்குள் தருவார்களா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். அதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மரம் எண்ணுகிறோம். பெரியப்பா பெயர் சொல்ல, நான் கொப்பியில் எழுத, தம்பி மகன் போனில் படம் எடுக்கிறான். போன கிழமை வரை பாலை மட்டும் 63. வருகிற ஞாயிறு குளத்துக் கட்டுப் பக்கம். வர விருப்பமானவர்கள் காலை ஆறரைக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், தண்ணீர்ப் போத்தலோடு. உள்ளே கடை கிடையாது.