இறகைப் பிடிக்கும் ஊசி

தொப்பியைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது இறகோ, துணிப் பூவோ, நாடாவின் முடிச்சோதான். அந்த அலங்காரத்தைத் தொப்பியோடு சேர்த்து நிறுத்தும் சிறு பொருள் எவர் கண்ணிலும் படக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில், அடுக்குமாடித் தொழிற்கூடம் ஒன்றில் இயங்கும் சிறிய தொப்பிப் பட்டறையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். குதிரைப் பந்தயத்துக்குச் செல்லும் பெண்களுக்கான தொப்பிகள், ஹோட்டல் வாயிலில் நிற்கும் பணியாளர்களின் தொப்பிகள், சீனப் புத்தாண்டையொட்டி நடக்கும் சிங்கே ஊர்வலத்துக்கான தலையணிகள், நம்மவர் திருமணங்களில் மாப்பிள்ளை அணியும் தலைப்பாகைகள் என எல்லாம் எங்கள் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. என் பொறுப்பு பெரும்பாலும் கடைசிக் கட்டம்: தயாராகிவிட்ட தொப்பியில் அலங்காரத்தை எங்கே, எதைக் கொண்டு, எவ்வளவு இறுக்கமாகப் பொருத்துவது என்று முடிவு செய்வது.

நாங்கள் அதிகம் பயன்படுத்துவது பட்டறையில் எல்லோரும் 'பட்டர்ஃபிளை பின்' என்று சொல்லும் ஊசி. சட்டைக் காலரிலும் டையிலும் சின்னம் குத்தியவர்கள் அதை அறிவார்கள். வட்டத் தகடு ஒன்றின் நடுவே ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் நீளமுள்ள கூர்முனைத் தண்டு நிற்கும். முனைக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு பள்ளம் ஓடும். பின்பக்கத்திலிருந்து மாட்டும் மூடிக்கு இரண்டு இறக்கைகள் உண்டு. தண்டு உள்ளே நுழைந்ததும் மூடிக்குள் இருக்கும் வில்கம்பி அந்தப் பள்ளத்தைக் கவ்விக்கொள்ளும். இறக்கைகளை விரல்களால் சேர்த்து அமுக்கினால் கவ்வல் தளர்ந்து மூடி கையோடு வந்துவிடும். அலங்காரத்தின் அடியில் தகட்டைத் தைத்து மறைத்துவிட்டு, தண்டைத் தொப்பியின் சுவர் வழியாக உள்ளே இறக்கி மூடியை மாட்டுவோம். வேலை அவ்வளவுதான் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள்.

ஒரே ஊசியில் நிற்கும் இறகு சுழலும். காற்று வேண்டாம், தலையை நான்கு முறை திருப்பினாலே போதும். மேல்நோக்கி நின்ற இறகு காதுப் பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே இரண்டு ஊசிகள், அவற்றுக்கிடையே குறைந்தது ஒரு விரலகல இடைவெளி என்பது எங்கள் பட்டறையில் எழுதப்படாத சட்டம். மூடி உட்புறத்தில் நெற்றியை உரசாமலிருக்க, தொப்பியின் உள்விளிம்பைச் சுற்றி ஓடும் வியர்வைப் பட்டையை மடித்துத் திறந்து, அதன் பின்னால் மூடி அமரும்படி இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பட்டையின் உயரத்துக்கு மேலே ஊசி போனால், அணிபவர் நாள் முழுவதும் எங்கள் பெயரைச் சொல்லித் திட்டுவார்.

இறகின் காம்பு தனிக் கதை. அது நகத்தைப் போன்ற வழவழப்பான பொருளால் ஆனது. உள்ளே குழலாக இருக்கும். பசை அதில் சரியாகப் பற்றாது, நூலும் வழுக்கும். இதற்கான வழியைத் தொப்பித் தொழிலில் இருப்பவர் எவரிடமும் நான் கற்கவில்லை. தைப்பூசத்துக்கு முன்பு காவடிக்கு மயிலிறகு கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, காம்ப நசுக்கி மடிச்சுட்டு நூலச் சுத்து, அப்புறம் எங்கயும் போகாது" என்று சொல்லிச் செய்தும் காட்டினார். காம்பின் நுனியைத் தட்டையாக்கி, ஒரு சிறு வளையமாக மடித்து, மெல்லிய கம்பியாலோ மெழுகு பூசிய நூலாலோ சுற்றிக் கட்டினால் தைப்பதற்கு ஒரு பிடி கிடைத்துவிடுகிறது. அந்த வளையத்தை ஊசித் தகட்டோடு தைத்துவிட்டால் இறகு முறியும்வரை பிடி விடாது.

இந்த ஊசிகளுக்கு முன்னோடி என்று பலரும் நினைப்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மேலை நாட்டுப் பெண்கள் செருகிய நீண்ட தொப்பி ஊசியைத்தான். உண்மையில் அதன் வேலை வேறு. அது அலங்காரத்தைத் தொப்பியில் நிறுத்தவில்லை; தொப்பியையே கொண்டையில் நிறுத்தியது. தொப்பிகள் அகன்று கனத்தபோது ஊசிகளும் நீண்டன. நெரிசலான டிராம் வண்டிகளில் அடுத்தவர் கன்னத்தையும் கண்ணையும் அவை பதம் பார்த்தன. 1910இல் சிக்காகோ நகர மன்றம் 9 அங்குலத்துக்கு மேற்பட்ட தொப்பி ஊசிகளுக்குத் தடை விதித்தது. அந்தத் தொப்பிகள் கனத்ததற்கு ஒரு காரணம் அவற்றின்மீது குவிக்கப்பட்ட இறகுகள். கொக்குகள் இனப்பெருக்கக் காலத்தில் அணியும் மெல்லிய தூவிகளுக்காகக் கூடுகளிலேயே கொல்லப்பட்டன. பிரிட்டிஷ் இந்தியா 1902இல் காட்டுப் பறவை இறகுகளின் ஏற்றுமதியைத் தடுத்தது; பிரிட்டன் 1921இல் இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. இன்று எங்கள் அலமாரியில் இருப்பவை சேவல், வாத்து, வான்கோழி இறகுகள். சாயம் ஏற்றிய சேவல் இறகு, அதை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர் கையில், எந்தக் கொக்குத் தூவிக்கும் குறைந்ததில்லை என்பது என் கருத்து.

சிங்கப்பூரில் இந்தத் தொழிலின் பெரிய எதிரி காற்றிலுள்ள ஈரம். இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல்; விடியற்காலையில் 90ஐயும் தாண்டும். சாதாரண எஃகுக் குண்டூசி வெள்ளைத் தொப்பியில் சில வாரங்கள் இருந்தால் பழுப்புக் கறை வைத்துவிடும், அந்தக் கறை போகவே போகாது. எனவே பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ செய்த ஊசிகளையே வாங்குகிறோம். நாங்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் சினமாய் என்னும் துணி, பிலிப்பீன்ஸில் விளையும் அபாகா என்னும் வாழையின நாரில் நெய்யப்படுவது. கஞ்சியோ பூச்சோ ஏற்றி விறைப்பாக்கித்தான் அதற்கு வடிவம் கொடுக்க முடியும். ஈரம் ஏறினால் விறைப்பு தளரும். தளர்ந்த துணியில், சற்றுக் கனமான அலங்காரத்தை ஒரே புள்ளியில் தொங்கவிட்டால் அந்த இடம் குழிந்துவிடும். இதற்காக ஊசிக்கும் துணிக்கும் இடையே, உட்புறத்தில் ஒரு சிறு வட்ட ஃபெல்ட் (மயிரை நெய்யாமல் அழுத்திச் செய்யும் கெட்டித் துணி) துண்டை வைத்து எடையைப் பரப்புகிறோம். வெளியே தெரியாத இந்த நாணயமளவுத் துண்டுக்கு நாங்கள் காசு வாங்குவதில்லை. ஆனால் அது இல்லாமல் ஒரு சினமாய் தொப்பியையும் வெளியே அனுப்ப எனக்கு மனம் வராது.

சூடான பசைத் துப்பாக்கியைப் பற்றிப் பலர் கேட்பார்கள். நொடியில் ஒட்டும், விலை மலிவு, பார்க்கவும் சுத்தமாக இருக்கும். திறந்த வெளியில் நிறுத்திய வண்டிக்குள் நண்பகலில் ஒரு தொப்பியை விட்டுப் பாருங்கள். பசை இளகி, இறகு தன் எடையிலேயே நழுவிக் கீழே கிடக்கும். இளகாத பசையின் கேடு இன்னும் பெரிது. அதைப் பிரிக்கும்போது துணியின் இழைகளும் ஃபெல்ட்டின் மேற்பரப்பும் சேர்ந்தே உரிந்து வரும். இந்த இடத்தில்தான் நான் இந்த வேலையில் உறுதியாக நம்பும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொப்பியின் ஆயுளும் அலங்காரத்தின் ஆயுளும் ஒன்றல்ல. நல்ல முயல் மயிர் ஃபெல்ட் தொப்பி ஒரு தலைமுறையைத் தாண்டும். அதன்மீதுள்ள இறகு சில பருவங்களில் வெளுத்து ஒடியும். இரண்டையும் இணைக்கும் பொருள் பிடிக்கும் நேரம்வரை பிடித்து, விடச் சொன்னால் தொப்பிக்குக் காயமில்லாமல் விட வேண்டும். இழுக்கும்போது எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும்: முதலில் நூல், அடுத்து ஊசி, கடைசிவரை போகக் கூடாதது தொப்பி.

ஃபெல்ட்டில் ஊசித் துளை ஒரு பொருட்டே இல்லை. நீராவி காட்டிப் பிரஷ் கொண்டு தடவினால் இழைகள் மூடிக்கொள்ளும். பட்டு அப்படியல்ல, ஒரு முறை இழை விலகினால் விலகியதுதான். சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில் மண்டபத்தில் நடக்கும் திருமணங்களுக்குத் தலைப்பாகை தைக்கக் கொடுப்பவர்கள் பலர், தாயார் புடவையையோ பாட்டியின் பட்டையோ கொண்டுவந்து அதிலிருந்தே மடிக்கச் சொல்வார்கள். முன்பக்கப் பதக்கத்தைப் பொருத்தும் கட்டம் வந்ததும், "தம்பி, பட்டுல ஓட்ட விழுந்துடாதே?" என்ற கேள்வி தவறாமல் வரும். அந்தக் கவலை நியாயமானது. சரிகைப் பக்கத்தில் ஊசி இறங்கினால் சரிகை நூல் அறுந்து நார்நாராக நீட்டிக்கொள்ளும். அதனால் மடிப்பு எங்கே இரட்டிக்கிறதோ அங்கே, உள்மடிப்பில், பட்டுக்குப் பின்னால் ஒரு பருத்தி நாடாவைத் தைத்து, பதக்கத்தின் பாரத்தை அந்த நாடா தாங்கும்படி செய்கிறோம். பட்டின் வழியாகப் போவது மெல்லிய நூல் மட்டும். திருமணம் முடிந்ததும் நூலை வெட்டினால் பட்டு பழையபடி பெட்டிக்குத் திரும்பும்.

இதே தலைப்பாகைக்குக் காந்தம் போதாதா என்பது எங்கள் பட்டறையில் இன்றும் ஓயாத வாதம். நியோடிமியம் காந்தங்கள் 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவாக்கப்பட்டவை; சட்டைப்பையில் மாட்டும் பெயரட்டைகள் பலவற்றின் பின்னால் இன்று இருப்பவை அவைதான். துளையிட வேண்டாம் என்பது அவற்றின் பெரிய வசதி. ஆனால் இடைவெளி கூடக்கூடக் காந்தத்தின் பிடி வெகு விரைவாகக் குறையும். நான்கைந்து மடிப்புப் பட்டுக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் வைத்தால், மேசைமேல் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கிடந்த இரண்டு காந்தங்களும் ஒன்றையொன்று அறியாதவைபோல் ஆகிவிடும். மேலும், நேராக இழுத்தால் விடாத காந்தம் பக்கவாட்டில் தள்ளினால் நழுவும். மாலை மாற்றும்போது மாலை தலைப்பாகையை உரசுவது பக்கவாட்டில்தான். முலாம் சிறிது உடைந்தாலும் நம் ஊர் ஈரத்தில் இந்தக் காந்தம் உள்ளிருந்து அரித்துப் பொடியாகும். இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இவற்றை நெஞ்சருகே கொண்டுபோகக் கூடாது, குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எங்கள் தலைமைக் கைவினைஞரான சீன மூதாட்டி, ஆன்ட்டி என்றே எல்லோரும் அழைப்போம், இவ்வளவையும் கேட்டுவிட்டு, ஒற்றை அடுக்குத் துணியாலான இலேசான தொப்பிகளுக்குக் காந்தத்தைத்தான் எடுப்பார். அந்த வகையில் அவர் சொல்வது சரியென்று நானும் ஒப்புக்கொள்கிறேன். தலைப்பாகையில் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சிங்கே ஊர்வலத் தலையணிகளில் மேற்சொன்ன கொள்கை தலைகீழாகும். 1972இல் பட்டாசுக்குத் தடை வந்தபின், அந்த ஆரவாரத்துக்கு ஈடாக 1973இல் தொடங்கப்பட்ட ஊர்வலம் அது. ஆடுபவர் துள்ளுவார், சுழல்வார், சில நேரம் மழையிலும் நனைவார். கழன்று விழும் ஓர் அலங்காரத்தைப் பின்னால் வருபவர் மிதித்துச் சறுக்கினால் வரிசையே குலையும். அங்கே ஊசியின் நயத்துக்கு வேலையில்லை. கம்பியால் கட்டி, தைத்து, தாடைக்கடியில் எலாஸ்டிக் நாடாவும் போட்டுவிடுவோம்.

பந்தயத் தொப்பிகள்தாம் எங்களுக்கு நெடுங்காலம் சோறு போட்டவை. 1843இல் ஃபேரர் பார்க்கில் தொடங்கிய சிங்கப்பூரின் குதிரைப் பந்தயம் (தேக்காவின் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் சாப்பிடப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரை நினைத்துப் பார்க்கிறார்களோ) 1933இல் புக்கிட் தீமாவுக்கும் 1999இல் கிராஞ்சிக்கும் மாறி, 2024 அக்டோபர் 5இல் கடைசி ஓட்டத்தோடு முடிந்தது. நிலம் அரசாங்கத்துக்குத் திரும்புகிறது. அதன்பின் புதிய பந்தயத் தொப்பிக்கான ஆர்டர்கள் ஏறக்குறைய நின்றுவிட்டன. பதிலாக வருபவை பழைய தொப்பிகள்: கிராஞ்சிக்கு அணிந்ததை மகளின் தேவாலயத் திருமணத்துக்கு அணிய வேண்டும், சிவப்பு இறகை எடுத்துவிட்டு வெளிர் நிறப் பூ வையுங்கள் என்ற வேண்டுகோளோடு.

இந்த வேலை, பொருத்துவதைவிடப் பிரிப்பதையே அதிகம் கேட்கிறது. வியர்வைப் பட்டையைத் திருப்பிப் பார்த்தவுடன் மேற்கொண்டு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்துவிடும். உள்ளே இரண்டு பித்தளை மூடிகள் இருந்தால் இறக்கைகளை அமுக்கி எடுத்து, நீராவி காட்டி, அன்று மதியமே புதுப் பூவை வைத்துவிடலாம். வெளியே இறகின் அடியில் பசைத் திட்டு இருந்தால், அதைக் குளிர்வித்து நொறுக்கி, கத்தியால் சுரண்டி, உரிந்த இடத்தை மூடுமளவு பெரிய அலங்காரமாகத் தேட வேண்டும். வாடிக்கையாளர் கேட்டது சிறிய பூவாக இருந்தாலும் அவருக்குக் கிடைக்கப்போவது பெரிய பூதான். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கூலியும் ஏறக்குறைய இரு மடங்காகிறது. அண்மையில் சேர்ந்த மலாய் இளைஞருக்கு இதனால் பிரிப்பதையே முதலில் கற்றுக்கொடுக்கிறேன். பிரித்துப் பழகிய கை, பொருத்தும்போது எங்கே ஊசி இறங்கக் கூடாது என்பதைச் சொல்லாமலே தவிர்க்கிறது.