பெரியப்பாவின் வலது கையிலிருந்து தொடங்கிய உடற்கூறு பாடம்

எங்கள் பெரியப்பா கும்பகோணத்தில் தையல்காரர். ஜாக்கெட் தைப்பதில் பெயர் எடுத்தவர். அறுபதைத் தாண்டியும் கத்தரிக்கோலைக் கீழே வைக்காதவர். ஒரு நாள் விடியற்காலையில் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. வலது கையும் காலும் அசையவில்லை. வாய் கோணியிருந்தது. பேச்சு எழவில்லை. அவருடைய ஒரே மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். கணக்கு எழுதும் என் வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்பதால், மருத்துவமனையிலும் பிறகு வீட்டிலும் பெரியம்மாவுக்குத் துணையாக இருக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நான் பி.காம். படித்தவன். உயிரியலுக்குப் பத்தாம் வகுப்போடு முழுக்குப் போட்டாயிற்று. காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை. பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் பாடநூலைப் பாடநூல் கழகத்தின் இணையதளத்திலிருந்து கைப்பேசியில் இறக்கிக்கொண்டேன். தமிழ் வழிப் புத்தகமே இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பாடத்திலிருந்து முறையாகப் படிக்க உட்கார்ந்தால் தூக்கம்தான் வந்தது. வரிசையை விட்டுவிட்டு, அன்றன்றைக்குப் பெரியப்பாவின் உடம்பில் எது புரியவில்லையோ அதை மட்டும் தேடிப் படிப்பது என்று வைத்துக்கொண்டேன். பக்கவாதத்துக்கு ஒரு கொடூரமான ஒழுங்கு இருக்கிறது. எது போயிற்று, எது மிஞ்சியது என்று கவனித்தால், மூளைக்குள் எந்த இடம் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

அவசரப் பிரிவில் எங்களிடம் முதலில் கேட்டது, "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்பதுதான். இரவு பத்தரைக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார் என்றார் பெரியம்மா. தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்கு நேரம் அங்கிருந்துதான் எண்ணப்படுகிறது. கண் விழித்த நேரத்துக்கு மதிப்பில்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எங்களுக்கு அந்த நேரம் கடந்திருந்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால், 108-க்கு அழைத்த கையோடு இந்த ஒரு விவரத்தை நினைவுபடுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இத்தனை அவசரம் என்று அன்றிரவே தேடினேன். மூளை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடலுக்குள் வரும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. கையிருப்பு என்று எதுவும் வைத்துக்கொள்வதில்லை. பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் இறக்கின்றன என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. தினமும் எண்களோடு மாரடிக்கும் எனக்கே அதைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது.

சி.டி. ஸ்கேனில் "ஒன்றும் தெரியவில்லை" என்றார்கள். கை கால் விழுந்த மனிதனின் மூளையில் எப்படி ஒன்றும் தெரியாமல் போகும் என்று பெரியம்மாவுக்குக் கோபம். முதல் சி.டி. எடுப்பதே கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். ரத்தம் கசிந்திருந்தால் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பு என்றால் முதல் சில மணி நேரம் படம் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர் என்பதால் இதை முடிவு செய்யாமல் எதையும் தொட மாட்டார்கள். பிறகு எடுத்த ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் கறுத்த திட்டு ஒன்று தெரிந்தது.

இடது பக்கம் அடைப்பு, விழுந்ததோ வலது கை. மூளையிலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு இழைகளில் பெரும்பாலானவை, கழுத்துக்குச் சற்று மேலே முகுளத்தின் அடிப்பகுதியில் பக்கம் மாறி, அதன் பிறகே தண்டுவடத்துக்குள் இறங்குகின்றன. இந்த அளவுக்குப் பள்ளிப் புத்தகமே போதுமாக இருந்தது. எனக்குப் பிடிபடாமல் இருந்தது வேறு ஒன்று. சில வாரங்களில் கால் ஓரளவு தேறி, பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது. கை மட்டும் துவண்டே கிடந்தது. ஒரே பக்கத்துக் கைக்கும் காலுக்கும் ஏன் இந்த வேற்றுமை?

விடை வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடமிருந்து வந்தது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வருபவர். மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில் மூளையை நெடுக வெட்டியது போல ஒரு படம் வரைந்தார். உடம்பை அசைக்கும் பகுதி, ஒரு காதிலிருந்து மறு காது வரை தலைக்கு மேல் போகும் பட்டை போல இருக்கிறது. அதில் காலுக்கான இடம் உச்சியில் தொடங்கி, இரண்டு அரைக்கோளங்களும் முகம் பார்த்து நிற்கும் நடுப்பிளவுக்குள் இறங்கிவிடுகிறது. கையும் முகமும் வெளிச்சரிவில் இருக்கின்றன. உள்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுவருவது முன் மூளைத் தமனி. வெளிச்சரிவுக்கு நடு மூளைத் தமனி. பெரியப்பாவுக்கு அடைத்தது நடுத் தமனி. அதனால் முகமும் கையும் அதிகமாக அடிபட்டன, கால் ஓரளவு தப்பியது.

இந்த வரைபடத்தை மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு உருவாக்கினார். 1937-இல் அவரும் சக ஆய்வாளரும் வெளியிட்டார்கள். அதில் உடம்பின் அளவுக்கும் ஒதுக்கிய இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. முதுகு முழுவதற்கும் துளி இடம். உதடு, நாக்கு, கட்டைவிரலுக்கு வாரி வழங்கியிருக்கிறது. நுணுக்கமான வேலை எங்கே நடக்கிறதோ அங்கே இடம் கூடுதல். ஐம்பது வருஷம் ஊசியும் காஜாவுமாக இருந்த ஒரு கட்டைவிரலுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும், அதில் எவ்வளவு போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் மனம் ஆறவில்லை.

மூளையின் மேற்பரப்பை விரித்துப் போட்டால் 2,000 சதுர சென்டிமீட்டருக்கு மேல் வரும். அத்தனையும் மண்டை ஓட்டுக்குள் அடங்கக் காரணம் அந்த மடிப்புகள். இதைப் பெரியப்பாவுக்கு, இடுப்புப் பட்டியில் சுருக்கி வைத்த பாவாடைத் துணியைக் காட்டிச் சொன்னேன். இடது கையால் ஒரு சுருக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவருக்கு எல்லாம் புரிந்தது. பேசத்தான் முடியவில்லை.

அந்தப் பேச்சு விஷயம்தான் என்னை அதிக நாள் கட்டிப்போட்டது. "ஜன்னலைச் சாத்துங்கள்" என்றால் ஜன்னலைப் பார்ப்பார். வீட்டுக் கணக்கில் எட்டு ரூபாய் தவறினால் விரலைக் காட்டுவார். ஆனால் தண்ணீர் வேண்டும் என்று சொல்ல "த… த…" என்று திணறி, கண்ணில் நீர் முட்டும். பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் 1861-இல் இப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறார். கேட்பது புரியும், வாயிலிருந்து "டான்" என்ற ஒரே ஓசைதான் வரும். அந்த நோயாளி இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது முன்மடலில் ஓரிடம் சிதைந்திருந்தது. பதிமூன்று ஆண்டுகள் கழித்து, 1874-இல், கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் வேறொரு வகை நோயாளிகளை விவரித்தார். அவர்கள் தங்குதடையின்றிப் பேசுவார்கள், ஆனால் பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் ஏறாது. அந்த இடம் இன்னும் பின்னால், காதுக்கு மேலே. வந்து பார்த்த உறவினர்கள் பெரியப்பாவுக்குப் "புத்தி கலங்கிவிட்டது" என்று அவர் முன்னாலேயே பேசியபோது இந்த வேறுபாட்டை நான் ஆளுக்கு ஆள் விளக்க வேண்டியிருந்தது. சிலருக்கு உரக்கவே விளக்கினேன்.

பேச்சிலும் எல்லாம் போய்விடவில்லை. அளவு எடுக்கும்போது எண்ணுவது போல "ஒன்று, இரண்டு, மூன்று" என்று தொடங்கிக் கொடுத்தால் பன்னிரண்டு வரை தடங்கலின்றிச் சொன்னார். முருகன் பாட்டு இரண்டு வரி ராகத்தோடு வந்தது. பழகித் தேய்ந்த சொற்றொடர்களும் பாட்டும் பல நேரம் இப்படித் தப்பிவிடுகின்றன. பேச்சுப் பயிற்சியாளர் இதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறினார். இருபத்தேழு என்று சொல்ல வேண்டுமென்றால் பெரியப்பா இன்றைக்கும் இருபதிலிருந்து மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்து அந்த இடத்தில் நிறுத்துகிறார்.

ரத்தக் கட்டி எங்கிருந்து வந்தது என்பதில் இதயமும் ரத்த ஓட்டமும் ஒரே மூச்சில் படிந்தன. ஈ.சி.ஜி.யில் துடிப்பு தாறுமாறாக இருந்தது. இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கினால், இடது மேலறையின் ஓரத்தில் இருக்கும் சிறு பை போன்ற இடத்தில் ரத்தம் தேங்கி உறைகிறது. அங்கிருந்து ஒரு துண்டு கிளம்பினால் ஈரிதழ் வால்வு வழியாக இடது கீழறை, பெருந்தமனி, அதன் வளைவிலிருந்து நேராகக் கிளம்பும் இடது கழுத்துத் தமனி, மண்டைக்குள் நடு மூளைத் தமனி. அந்தப் பாதையை விரலால் படத்தில் ஓட்டிப் பார்த்தபோது, வால்வுகளின் பெயரை மனப்பாடம் செய்யாமலே அவை என் மண்டையில் ஏறிவிட்டன. காலின் சிரையில் உறைந்த கட்டி ஏன் பெரும்பாலும் மூளைக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகிறது என்பதும் கூடவே தெளிந்தது. அது இதயத்தின் வலது பக்கத்துக்கு வந்து சேருகிறது. அங்கிருந்து வழி நுரையீரலுக்குத்தான்.

மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையம் போட்டிருக்கின்றன. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1664-இல் வெளியிட்ட நூலில் அதை விளக்கினார். பின்னாளில் லண்டனின் புனித பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்தான் அந்த நூலுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர். ஒரு வழி அடைத்தால் மறு வழியாக ரத்தம் வர இந்த வளையம் உதவலாம். பெரியப்பாவுக்கு அடைத்த இடம் வளையத்தைத் தாண்டி இருந்தது. அதனால் அந்த உதவி கிட்டவில்லை. அதோடு, வளையம் முழுமையாக அமையாதவர்களும் நிறைய.

இதற்கிடையில் அன்றாடப் பாடு. விழுங்குவதைப் பரிசோதிக்கும் வரை வாய்வழி எதுவும் கூடாது என்று மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். வறண்ட உதட்டைப் பார்த்து ஒரு வாய் தண்ணீராவது தரலாமே என்று பெரியம்மா தவித்தார். தொண்டையில் மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழல் பின்னால். விழுங்கும் கணத்தில் குரல்வளை மேலெழும்ப, அதன் மூடி கவிழ்ந்து காற்றுவழியை அடைக்க வேண்டும். அந்த ஒத்திசைவு பிந்தினால், சரசரவென்று ஓடும் தண்ணீர்தான் முதலில் நுரையீரலுக்குள் இறங்கும். கெட்டியான கஞ்சி மெதுவாகப் போவதால் மூடிக்கு நேரம் கிடைக்கிறது. கழுத்தில் விரல் வைத்து, எச்சில் விழுங்கும்போது குரல்வளை ஏறி இறங்குவதைத் தொட்டுப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். பெரியம்மாவும் தொட்டுப் பார்த்தார். குழாய் எடுத்த பிறகு கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி ஊட்டச் சொல்லித் தந்தார்கள்.

"தூக்கும்போது அக்குளில் கை கொடுக்காதீர்கள் சார், கையைப் பிடித்தும் இழுக்காதீர்கள்" என்று பிசியோதெரபிஸ்ட் வரும்போதெல்லாம் சொல்வார். தோள்பட்டையில் எலும்புக் குழி மிகவும் ஆழம் குறைந்தது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை அதில் நிற்பது சுற்றியுள்ள தசைகளின் பிடியால். தசை செயலிழந்தால் கையின் எடையே மூட்டைக் கீழே இழுத்துவிடும். பெரியப்பாவின் தோள் முனைக்குக் கீழே ஒரு விரல் நுழையும் பள்ளத்தை அவர் என் விரலை வைத்துக் காட்டினார். அதன் பிறகு உட்காரும்போதெல்லாம் அந்தக் கைக்குக் கீழே தலையணை.

சில மாதங்களில் விரல்கள் மடங்கி இறுகத் தொடங்கின. பலம் திரும்புகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். தண்டுவடத்தின் அனிச்சைச் செயலை மூளை அடக்கி வைத்திருக்கிறது. அந்தக் கடிவாளம் அறுந்ததும் தசை தன்னிச்சையாக இறுகுகிறது, விரலைத் தினமும் நீவி நீட்டாவிட்டால் அப்படியே நின்றுவிடும் என்று தெரிந்ததும் சந்தோஷம் வேலையாக மாறியது. பாதம் தொங்கி விரல் தரையில் இடறுவதற்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் தசை செயலிழந்ததுதான் காரணம். அதற்குப் பிளாஸ்டிக் பட்டை ஒன்று கொடுத்தார்கள், தீர்ந்தது.

புறா ரத்தம் தேய்த்தால் கை எழும்பும் என்று ஒரு உறவினர் வந்து நின்றார். எங்கே கிடைக்கும், எத்தனை நாள் தேய்க்க வேண்டும் என்பதெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். பெரியம்மா பள்ளிக்கூடத்தில் எட்டாவதைத் தாண்டாதவர். பெரியப்பாவின் தலையில், இடது காதுக்கு மேலே விரலை வைத்து, "கையில் ஒரு கோளாறும் இல்லை அண்ணா, கோளாறு இங்கே. ரத்தத்தை இதற்குள்ளே எப்படித் தேய்ப்பீர்கள்?" என்று கேட்டார். அவர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

இப்போது பெரியப்பா இடது கையால் சாக்பீஸ் பிடித்து அளவுக் கோடு போடுகிறார். கத்தரிக்கோல் வலது கைக்காரர்களுக்கென்று செய்தது, இடது கையில் பிடித்தால் இரண்டு தகடும் விலகித் துணியை மெல்லுமே தவிர வெட்டாது. வெட்டுவது கடைப் பையன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தொடர்கிறது. பி.பி.யை நான் குறித்து வைக்கிறேன்.

என்னைப் போல ஒன்றும் தெரியாமல் தொடங்குகிறவர்களுக்கு: பாடநூலில் நரம்பு மண்டலம், சுற்றோட்டம், இயக்கம் ஆகிய மூன்று பாடங்களை முதலில் எடுங்கள். செரிமானத்தில் தொண்டை வரைக்கும் படித்தால் இப்போதைக்குப் போதும். படம் இல்லாமல் ஒரு பத்தி கூடப் படிக்காதீர்கள். கட்டைவிரலை அசைக்கும் தசைகளில் பாதி முன்கையில்தான் இருக்கின்றன என்பதை நான் போன வாரம்தான் படித்தேன். பெரியப்பாவுக்கு நீவுவதை இப்போது முழங்கைக்குக் கீழிருந்தே ஆரம்பிக்கலாமா என்று பிசியோதெரபிஸ்ட் பெண் அடுத்த முறை வரும்போது கேட்க வேண்டும்.