குந்தவை ஜாக்கெட்

பிறந்த ஊரிலும் சரி, வாழ்க்கைப்பட்ட கும்பகோணத்திலும் சரி, இன்னொரு குந்தவையை நான் பார்த்ததில்லை. படித்தது தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கலைக் கல்லூரி. கல்லூரிக்கே அந்தப் பெயர், ஆனால் வகுப்பில் குந்தவை நான் ஒருத்திதான்.

அப்பா கல்கி பைத்தியம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது யாரோ கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிய தொகுதிகள் எங்கள் பரணில் இருந்தன. அந்தக் கதையைப் படித்த வீடுகளில் அருள்மொழி பிறந்தாள், வானதி பிறந்தாள், பூங்குழலிகூடப் பிறந்தாள். கதையையே நடத்துகிறவள் குந்தவை, அவள் பெயரை மட்டும் யாரும் தொடவில்லை. உட்காரு என்பதைக் குந்து என்று சொல்கிற ஊரில் யாருக்குத் துணிச்சல் வரும்? வாத்தியாரே "குந்தவை, குந்து" என்பார். வீட்டில் வந்து அழுதால், இளவரசி பேரும்மா என்பார் அப்பா. இளவரசிக்கு யாரும் அட்டெண்டன்ஸ் எடுக்கவில்லையே!

கல்கிக்கு இந்தப் பெயர் மேல் தனிப் பிரியம் போல. 'பார்த்திபன் கனவி'ல் வரும் பல்லவ இளவரசிக்கும் குந்தவி என்றுதான் வைத்தார். 1960இல் வந்த படத்தில் வைஜெயந்திமாலா நடித்தது அவளாகத்தான். அதனால் ரேஷன் கார்டில் என் பெயர் குந்தவி என்று வந்தபோதுகூட அப்பாவுக்குக் கோபம் வரவில்லை.

2022 செப்டம்பர் கடைசியில் மணிரத்னம் படம் வந்தது, திரிஷா குந்தவையானார். நான் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறவள். அந்தத் தீபாவளிக்கு செல்போனில் படத்தைக் காட்டி, குந்தவை மாதிரி வேணும்க்கா என்று கேட்டு வந்த பெண்களுக்கு, தைக்கப் போகிறவள் பெயரே அதுதான் என்று தெரியாது. ஆரி வேலை, உள்ளே லைனிங், முழங்கை வரை கை. கூலியைச் சொன்னதும் பாதிப் பேர் கையைக் குறைத்துக்கொண்டார்கள். வாசலில் பெயர்ப் பலகை மாட்டச் சொன்னான் மகன். மாட்டினேன். வியாபாரம்தானே.

திரிஷா நன்றாகவே செய்திருந்தார், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் எனக்குப் பிடித்த குந்தவை தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறார். கோயிலுக்கு வந்த கொடைகளைக் கல்லில் வெட்டச் சொல்லும் ராஜராஜன், நாம் கொடுத்தனவும் என்று தொடங்கி, உடனே அக்கன் கொடுத்தனவும் என்கிறான். அக்கன் என்றால் அவனுடைய அக்கா குந்தவை. மனைவியர் முறை அதற்குப் பிறகுதான். அந்த அக்கன் சும்மா பெயருக்குக் கொடுத்தவர் இல்லை. உமாபரமேஸ்வரி செப்புத் திருமேனிகள் செய்து வைத்தார். அப்பா சுந்தர சோழருக்கும் அம்மாவுக்கும் படிமம் எடுத்தார். கொடுத்த பொன் ஆடவல்லான் என்ற எடைக்கல்லில் நிறுத்துக் கணக்கெழுதப்பட்டது. வல்லவரையர் வந்தியதேவர் மாதேவியார் என்று அங்கே எழுதியிருப்பதால்தான், கல்கியின் கதையில் அத்தனை காதல். எனக்கென்னவோ காதலைவிட அந்தக் கணக்குதான் பிடிக்கிறது. கால் இஞ்ச் தவறினால் ஜாக்கெட் திரும்பி வருகிற தொழிலில் இருப்பதால் இருக்கும்.

இன்னொரு குந்தவையும் உண்டு. ராஜராஜனின் மகள், அத்தை பெயரை வைத்திருக்கிறார்கள். வேங்கி நாட்டு விமலாதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டார். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழ'னில் (1973) அந்தக் காதல் வருகிறது. கல்யாணத்தோடு நிறுத்திவிடுவது சினிமாவின் வழக்கம், உண்மையான கதை அதற்கப்புறம்தான். அவர் பெற்ற ராஜராஜ நரேந்திரனின் சபையில்தான் நன்னய்யா தெலுங்கில் மகாபாரதம் எழுதத் தொடங்கினார். அந்த நரேந்திரனின் மகன்தான் 1070இல் சோழ நாட்டுக்கே அரசனான முதலாம் குலோத்துங்கன். காவிரிக் கரையிலிருந்து கோதாவரிக் கரைக்கு மருமகளாகப் போனவரின் பேரன் திரும்பி வந்து ஆண்டிருக்கிறான்! இதை யாராவது படமாக எடுத்தால் முதல் காட்சிக்கே போவேன். ஜாக்கெட்டுக்கு ஆர்டர் வந்தால் அதுவும் சரிதான்.